வந்த பிள்ளையைப் பேசவிடுங்கள்





கிழக்குக் கரையோரத்து முஸ்லிம் பாடசாலை ஒன்றுக்குத் தெற்கிலிருந்து சிங்கள மாணவர் குழுவொன்று இரண்டு நாள் விருந்தினராக வருகின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலியிலிருந்தோ, மாத்தறையிலிருந்தோ, அம்பாந்தோட்டையிலிருந்தோ நாற்பது பிள்ளைகள் ஒரு பஸ்ஸில் வருகின்றனர். அதிபரின் கடிதம் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் எம்மவர் மத்தியில் எழும் முதற் கேள்வி, சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்பதாகும். அடுத்த கேள்வி, ஊரில் எதைக் காட்டுவது என்பது. அதற்கும் அடுத்தது, வரவேற்புரையை யார் நிகழ்த்துவது என்பது. எமது பிள்ளைகள் அந்தப் பிள்ளைகளோடு என்ன பேசப் போகிறார்கள் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. அது தானாக நடந்துவிடும் என்று எண்ணிக்கொள்கிறோம். அது தானாக நடப்பதில்லை என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகின்றேன்.

எமது நாட்டின் பாடசாலை அமைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரே பாடத்திட்டம், ஒரே க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை, ஒரே கிரிக்கெட் அணி. ஆயினும் தமிழ்மொழி மூலம் ஒரு பாடசாலை, சிங்களமொழி மூலம் இன்னொரு பாடசாலை என்று முதலாம் தரத்திலேயே பிள்ளைகள் பிரிந்துவிடுகின்றனர். கரையோரத்து ஊர்களில் பிறந்த எமது பிள்ளை தரம் 11 வரை படித்து முடித்தும், தன் வயதையொத்த ஒரு சிங்களப் பிள்ளையோடு ஒரு மணிநேரம் உட்கார்ந்து பேசாதிருக்கக் கூடும். தெற்கில் ஒரு கிராமத்துப் பிள்ளைக்கும் இதுவே நிலை. ஒருவரைப் பற்றி ஒருவர் அறிந்து வைத்திருப்பதெல்லாம் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் சொன்னவையே. 2014 ஜூனில் அளுத்கமையிலும், 2018 மார்ச்சில் திகனையிலும் நடந்தவற்றை எமது பிள்ளை அவ்வாறே அறிந்தது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி நடந்ததை அந்தப் பிள்ளையும் அவ்வாறே அறிந்தது. இப்படியாக அறிந்த இரு பிள்ளைகள் முதன்முறையாக எதிரெதிரே நிற்கும்போது அவர்களுக்கிடையில் வெறும் வெளி இருப்பதில்லை. பெரியவர்கள் ஊட்டிய அச்சம் அங்கே ஏற்கனவே வந்து உட்கார்ந்திருக்கின்றது.

அந்தப் பிள்ளையின் தாயையும் நினைத்துப் பாருங்கள். மகளை ஒரு முஸ்லிம் ஊருக்கு இரண்டு நாள் அனுப்பும் அனுமதிக் கடிதத்தில் கையொப்பமிடுமுன் அவள் எத்தனை பேரிடம் கேட்டிருப்பாள்? அயலவர் என்னென்ன சொல்லியிருப்பர்? அவற்றையெல்லாம் தாண்டி அவள் கையொப்பமிட்டிருக்கின்றாள். அந்தக் கையொப்பம் எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஓர் அமானிதம். அப்பிள்ளை வீடு திரும்பியதும் தாய் கேட்கும் கேள்விகளுக்கு அது சொல்லப்போகும் பதில்கள், எமது பாடசாலை மண்டபத்தின் மேடையில் தீர்மானிக்கப்படுவதில்லை. இரு பிள்ளைகள் தனித்து நிற்கும் ஒரு மூலையிலேயே தீர்மானிக்கப்படுகின்றன.

வழமையாக நடப்பது என்ன? பஸ் வந்து நிற்கும். மாலை அணிவிக்கப்படும். அதிபர் பேசுவார், வலயக் கல்வி அலுவலகத்தார் பேசுவார், பள்ளிவாயல் தலைவர் பேசுவார், என்னைப் போன்ற ஒருவரையும் பேச அழைப்பர். பத்து நிமிடம் தந்தால் நாற்பது நிமிடம் பேசுவது எமது வழக்கம். (வானொலியில் அந்தத் தொல்லை இல்லை, நேரம் முடிந்ததும் நிறுத்திவிடுவார்கள்.) பின்னர் கலை நிகழ்ச்சி, புரியாணி, குழுப்படம். விருந்தினர் ஒரு பக்க வரிசையிலும் எமது பிள்ளைகள் மறுபக்க வரிசையிலும் அமர்ந்திருப்பர். மாலையில் பஸ் புறப்படும்போது இரு தரப்பும் கையசைக்கும். இன நல்லிணக்கம் என்ற சொல் அன்று மேடையில் முப்பது தடவை உச்சரிக்கப்பட்டிருக்கும். ஆனால் ஒரு பிள்ளைக்கேனும் மறுதரப்புப் பிள்ளை ஒன்றின் பெயர் நினைவிருக்குமா?

சமூக ஒருமைப்பாட்டுக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றிய தேசியக் கொள்கையொன்று 2008இல் வகுக்கப்பட்டது. இத்தகைய பரிமாற்றப் பயணங்களுக்கு அது இடமளிக்கின்றது. கொள்கை பஸ்ஸைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தலாம். அதற்கு மேல் அதனால் எதுவும் செய்ய இயலாது.

இங்கே நபி (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்து ஒரு நிகழ்வை உங்கள் முன் வைக்கின்றேன். மாலிக் பின் அல்ஹுவைரிஸ் (ரழி) என்னும் தோழர் அறிவிப்பதாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கின்றது. ஏறத்தாழ ஒரே வயதினரான இளைஞர் சிலர் தம் ஊரிலிருந்து மதீனாவுக்குக் கற்பதற்காக வந்தனர். இருபது இரவுகள் தங்கினர். நபியவர்கள் அவர்களிடம் மிகுந்த இரக்கத்தோடும் மென்மையோடும் நடந்துகொண்டார்கள். இளைஞர்களுக்கு வீட்டு நினைவு வந்துவிட்டதை அவர்களாகவே உணர்ந்து, வீட்டில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்தார்கள். இளைஞர்களும் சொன்னார்கள். அதன் பின்னரே குடும்பத்தாரிடம் திரும்பிச் சென்று கற்றதைக் கற்றுக்கொடுக்குமாறு பணித்தார்கள்.

இந்த அறிவிப்பைத் தொழுகை பற்றிய சட்டத்துக்காகவே நாம் அடிக்கடி எடுத்துப் பேசுகின்றோம். நான் தொழுவதைக் கண்டவாறே தொழுங்கள் என்ற கருத்திலமைந்த கட்டளை இதே அறிவிப்பின் ஒரு வழியில்தான் வருகின்றது. ஆனால் அதற்கு முன்னே நிற்கும் அந்தச் சிறிய விசாரணையை எளிதாகத் தாண்டிச் சென்றுவிடுகின்றோம். உலகத்துக்கே வழிகாட்ட வந்த ஒருவர், தம்மிடம் மாணவராக வந்த இளைஞர்களின் முகத்தைப் பார்த்து, அவர்களின் வீட்டைப் பற்றிக் கேட்கின்றார். அவர்கள் சொல்லும்வரை செவிமடுக்கின்றார். அந்த இளைஞர்கள் மார்க்கத்தைக் கற்க வந்தவர்கள். எம்மிடம் வரும் பிள்ளைகள் வேறு மதத்தவர், வேறு மொழியினர். எனினும் வீட்டை விட்டுத் தூரத்தில் நிற்கும் இளம் வயது இருவருக்கும் ஒன்றுதான்.

எனவே இளம் சகோதரர்களே, பேச்சை எங்கிருந்து தொடங்குவதென்று தெரியாது தடுமாறுகின்ற வேளையில் அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். “கெதர கவ்த இன்னே?” வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? நான்கு சொற்களே உள்ள ஒரு கேள்விக்கு எவ்வளவு பதில் வரும் என்பதைக் கேட்டுப் பார்த்தவர்களே அறிவர். தம்பி ஒருவன் இருக்கின்றான், அவன் குழப்படிக்காரன். பாட்டி ஒருவர் இருக்கின்றார், அவருக்குக் கண் தெரியாது. ஒரு நாய் இருக்கின்றது. நாய் என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். அதற்கு என்ன பெயர் என்று கேளுங்கள்.

எமது பிள்ளைகளுக்குச் சிங்களம் வராதே என்று பெற்றோர் சொல்வர். பாடசாலையில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் கற்பிக்கப்படுகின்றது. அவர்களுக்கும் அவ்வாறே தமிழ் கற்பிக்கப்படுகின்றது. இரு தரப்பிலும் சொற்கள் கொஞ்சம் இருக்கின்றன. அவற்றை வாயால் வெளியிடும் துணிவுதான் இல்லை. பிழையாகப் பேசினால் சிரிப்பார்களோ என்ற கூச்சம். இதனால் ஆங்கிலம் தெரிந்த இரண்டொரு பிள்ளைகள் மட்டும் முன்வந்து பேச, எஞ்சியோர் சுவரோரத்தில் நிற்கின்றனர். ஆசிரியர்கள் இதைத் தடுக்க வேண்டும். இருவருக்கு இருவர் என்று பிரித்து விடுங்கள். ஒரு விருந்தினரைச் சூழ்ந்து பத்துப் பேர் நின்றால் அது விசாரணைக் கூண்டாகிவிடும். அவ்வாறு பிரிக்கும்போது ஆண் பிள்ளைகளை ஆண் பிள்ளைகளோடும் பெண் பிள்ளைகளைப் பெண் பிள்ளைகளோடும் சேர்த்துவிட்டால் இரு தரப்பாருக்கும் கூச்சம் குறையும்.

மேலும், எம் இரு மொழிகளும் நாம் எண்ணுமளவு தூரத்தில் இல்லை. கடையை அவர்கள் ‘கடே’ என்கின்றனர். தக்காளி அவர்களுக்கும் தக்காளிதான். முதலாளி அவர்களுக்கும் முதலாளிதான். இடியாப்பம் ‘இந்தி ஆப்ப’ ஆகின்றது. மூத்த சகோதரி இரு மொழியிலும் அக்காதான். ஆனால் ‘அய்யா’ என்று அவர்கள் சொன்னால் அது மூத்த சகோதரன். எமது ஊர் வாத்தியாரை நாம் ‘ஐயா’ என்பதைக் கேட்டு ஒரு சிங்களப் பிள்ளை, இவர் உன் மூத்த சகோதரனா என்று வியந்து கேட்டதையும் அதனால் எழுந்த சிரிப்பையும் நான் கண்டிருக்கின்றேன். ஒருவரையொருவர் நோகச் செய்யாத அத்தகைய சிரிப்பொன்று, மேடையில் பேசப்படும் பல உரைகளை விடப் பெறுமதியானது.

மற்றவரின் மொழியில் ஒரு சொல்லையேனும் சொல்வதற்கு எமக்கு முன்மாதிரி உண்டு. அபிஸீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்ற குடும்பமொன்றில் அங்கேயே பிறந்தவர் உம்மு காலித் (ரழி) என்னும் சிறுமி. அக்குடும்பம் மதீனா வந்து சேர்ந்த பின்னர், நபி (ஸல்) அவர்களுக்கு வந்த ஆடைகளுள் கரைபோட்ட சிறிய கறுப்பாடையொன்று இருந்தது. அச்சிறுமியை அழைத்து வரச்செய்து தம் கையாலேயே அதை அணிவித்த நபியவர்கள், அழகாயிருக்கின்றது என்பதை ‘ஸனா’ என்ற அபிஸீனியச் சொல்லால் சொன்னார்கள். இதுவும் புகாரியில் உள்ளது. அரபியில் அழகென்று சொல்வதற்குச் சொல்லில்லாமலா? அக்குழந்தை வளர்ந்த மண்ணின் சொல் அது. ஸைத் பின் ஸாபித் (ரழி) என்னும் இளைஞரை யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு நபியவர்கள் பணித்ததையும், அவர் அதை அரை மாதத்தில் கற்றுத் தேர்ந்ததையும் திர்மிதி பதிவுசெய்கின்றது. அரை மாதத்தில் ஒரு மொழியைக் கற்க எம்மால் இயலாதிருக்கலாம். பஸ் வருவதற்கு முன் ஒரு வாரத்தில் இருபது சொற்களைக் கற்கலாமல்லவா?

இன்று கைத்தொலைபேசியில் மொழிபெயர்க்கும் வசதியுண்டு. பெயர் தெரியாத ஒரு பொருளுக்குச் சொல் தேடுவதற்கு அது உதவும். ஆனால் இரு பிள்ளைகளும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் எப்போது பார்ப்பது?

பேச்சு வராதபோது கைக்கு ஒரு வேலை கொடுங்கள். மருதமுனையில் நடைபெறும் சந்திப்பென்றால் கைத்தறி இருக்கவே இருக்கின்றது. விருந்தினரைத் தறியைச் சுற்றி நிறுத்தி விளக்கவுரை நிகழ்த்தாமல், ஒரு பிள்ளையைத் தறியில் உட்காரவையுங்கள். நாடா சிக்கும், நூல் அறும், பக்கத்தில் நிற்கும் எமது பிள்ளை தானாகவே கைநீட்டி உதவும். கரையோர ஊரென்றால் விடியற்காலையில் கரைவலை இழுக்குமிடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். தெற்குக் கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கரைவலை புதிதல்ல; அவர்கள் அதை ‘மாதெல்’ என்கின்றனர். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்றால் தங்கள் கடல் கொந்தளிக்க, எமது கடல் அமைதியாகக் கிடப்பதைக் கண்டு அவர்கள் வியப்பர். தெற்குக் கடலும் மேற்குக் கடலும் கொந்தளிக்கும் மாதங்களில் அங்குள்ள மீனவர் கிழக்குக்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்வது நெடுங்கால வழக்கம். அப்பிள்ளைகளுள் ஒன்றின் பாட்டன் எமது கரையில் வாடி போட்டவராகவும் இருக்கலாம். கேட்டாலன்றித் தெரியவராது.

கடற்கரையில் நிற்கும்போது வரக்கூடிய இன்னொரு பேச்சும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை ஆழிப்பேரலை முதலில் கிழக்கைத் தாக்கியது. சிறிது நேரத்தில் தெற்கைத் தாக்கியது. நாடு முழுவதிலும் 30,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாவட்டங்களுள் அதிக உயிர்களை இழந்தது எமது அம்பாறை. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் நேர்ந்ததை நீங்கள் அறிவீர்கள். அதே காலையில் தெற்கே பெரலியவில் ரயிலொன்று அலையில் அகப்பட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அம்பாந்தோட்டையில் அன்று ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. சந்தைக்கு வந்தவர்களை அலை அள்ளிச் சென்றது. அன்று பௌர்ணமி தினமுங்கூட, அவர்களுக்குப் போயா. இன்று பாடசாலையில் இருக்கும் பிள்ளைகள் அதன் பின்னர் பிறந்தவர்கள். ஆனால் இரு தரப்பு வீடுகளிலும் அந்தக் கதை உண்டு. சுவரில் மாட்டிய படமாக, பேசப்படாத ஒரு பெயராக, கடலுக்குப் போகாதே என்ற கண்டிப்பாக இருக்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய சந்திப்பொன்றில் உடனிருந்தேன். ஊர்களின் பெயர் வேண்டாம். காலை நிகழ்ச்சி முழுவதும் இரு தரப்பும் ஒட்டவில்லை. பிற்பகலில் கடற்கரையில் எமது மாணவர் ஒருவர், அலை வந்த தூரத்தைக் காட்டி, தம் உம்மம்மா எந்தத் தென்னையைப் பிடித்துக்கொண்டு தப்பினார் என்பதைப் பாதி சிங்களமும் பாதி கைச் சைகையுமாகச் சொன்னார். விருந்தினர்களுள் ஒரு மாணவன் சிறிது நேரம் பேசாது நின்றுவிட்டு, தன் பாட்டி அன்று சந்தைக்குப் போனவர் என்றான். அவ்வளவுதான் சொன்னான். எமது மாணவர் மறுமொழி எதுவும் கூறவில்லை. இருவரும் மணலில் உட்கார்ந்துவிட்டனர். அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று அழைக்கச் சென்ற நான், சற்றுத் தள்ளியே நின்று காத்திருந்தேன். அன்றிரவு உணவின்போது அவ்விருவரும் ஒரே மேசையில் இருந்தனர். பேசியதெல்லாம் கிரிக்கெட்டைப் பற்றித்தான்.

இதைச் சொல்வதால், வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஆழிப்பேரலையைப் பற்றிக் கேளுங்கள் என்று நான் கூறுவதாக எவரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். துயரத்தைத் தோண்டியெடுப்பது விருந்தோம்பலாகாது. அவர் தன் வீட்டுக் கதையை முதலில் சொன்னார். மற்றவன் விரும்பினால் சொல்வதற்கு இடம் விட்டார். சொன்ன பின் உபதேசம் எதையும் செய்யவில்லை. பதினாறு வயது இளைஞர் அறிந்திருந்த இந்த ஒழுக்கம், மேடையேறும் எம்மில் பலருக்கு வாய்ப்பதில்லை.

இனி, கடினமான கேள்விகளுக்கு வருவோம். அவர்கள் கேட்பார்கள், கேட்க வேண்டும். தண்ணீர்கூடக் குடியாமல் எப்படி நோன்பு நோற்கிறீர்கள்? பாங்கில் என்ன சொல்லப்படுகின்றது? தமிழ் பேசுகிறீர்கள், ஆனால் தமிழரல்லர் என்கிறீர்களே, அது எப்படி? அக்கா ஏன் முகத்தை மூடியிருக்கின்றார், தங்கை ஏன் மூடவில்லை? சிலர் 2019ஐப் பற்றியும் கேட்பர். எமது பிள்ளைகள் இதைக் குற்றப்பத்திரிகையாக எடுத்துக்கொண்டு முகம் சிவக்கின்றனர். அல்லது மனப்பாடம் செய்த மறுப்புகளை வரிசையாக ஒப்புவிக்கின்றனர். சாய்ந்தமருதில் பயங்கரவாதிகள் தங்கியிருந்த வீட்டைப் பற்றி ஊரவரே தகவல் கொடுத்தனர் என்பது உண்மை. பிள்ளைகள் அதைச் சொல்வதில் தவறில்லை. ஆயினும் கேட்ட பிள்ளை வழக்காட வரவில்லை. அன்று உன் வீட்டில் என்ன நடந்தது என்பதைச் சொல். செய்தி கேட்ட வாப்பாவின் முகம் எப்படியிருந்தது, உம்மா எத்தனை நாள் வெளியே போக அஞ்சினார் என்று சொல். உன் ஊரில் அன்று என்ன நடந்தது என்று அவனிடமும் கேள். அவன் சொல்வது உனக்கு நோவைத் தரலாம். இடைமறியாதே.

தெரியாததைத் தெரியாதென்று சொல்வதில் இழுக்கில்லை. “இது எனக்குச் சரியாகத் தெரியாது, மௌலவியிடம் கேட்டுச் சொல்கிறேன்” என்பது அழகிய பதில். பதினைந்து வயதுப் பிள்ளை மார்க்கம் முழுவதற்கும் வழக்கறிஞராக வேண்டியதில்லை. “நான் இப்படிச் செய்கிறேன், எனக்கு இது பிடிக்கும், இது எனக்குக் கஷ்டம்” என்று தன்னைப் பற்றிச் சொன்னால் போதும். நோன்பின் முதல் நாள் பிற்பகல் தலை வலிக்கும் என்று ஒளியாமல் சொல்லும் பிள்ளையை அந்தப் பிள்ளை நம்பும்.

அபிஸீனியாவின் மன்னர் நஜ்ஜாஷியின் அவையில் ஜஃபர் பின் அபீதாலிப் (ரழி) நின்ற விதத்தைக் கவனியுங்கள். அவர் வலிந்து சென்று பேசவில்லை. மன்னர் அழைத்துக் கேட்டார், இவர் பதில் சொன்னார். முன்பு தாம் எப்படி வாழ்ந்தோம், இப்போது எப்படி வாழ்கிறோம் என்று எளிமையாகச் சொன்னார். உங்கள் வேதத்தில் எதையேனும் ஓதிக் காட்டுமாறு கேட்கப்பட்டபோது, ஸூரத்து மர்யமின் ஆரம்பத்தை ஓதினார். கேட்டிருந்தோர் கிறிஸ்தவர்கள், மர்யம் (அலை) அவர்களின் வரலாறு அவர்களுக்கு அந்நியமானதல்ல. கேட்பவர் எங்கே நிற்கின்றாரோ அங்கிருந்து பேச்சைத் தொடங்குவது என்றால் இதுதான்.

எமது பிள்ளைகள் அவர்களிடம் கேட்கும் கேள்விகளிலும் கவனம் வேண்டும். ஏன் சிலையை வணங்குகிறீர்கள் என்று எடுத்த எடுப்பில் கேட்பது கேள்வியல்ல, மோதல். அல்லாஹ்வையன்றி அவர்கள் அழைப்பவற்றைத் திட்டாதீர்கள் என்ற கட்டளை ஸூரத்துல் அன்ஆமின் 108ஆம் வசனத்தில் இருக்கின்றது. கேட்பதற்கு எத்தனையோ உள்ளன. ஞாயிறு காலையில் வெள்ளுடை அணிந்து தஹம் பாசலுக்குப் போவாயா? எமது பிள்ளைகள் குர்ஆன் மத்ரஸாவுக்குப் போவது போலத்தானே அது! அங்கே மனப்பாடம் செய்யச் சொல்வார்களா? பாடம் வராவிட்டால் என்ன தண்டனை? போயா தினத்தில் சில் எடுக்கும் உன் பாட்டி நண்பகலுக்குப் பின் உணவு உண்ணமாட்டாரா? இவ்வாறு கேட்டுக்கொண்டு போனால், நோன்பைப் பற்றிய பேச்சு தானாகவே வந்து சேரும்.

சொல்லால் அல்லாது உடலால் நிகழும் பேச்சும் உண்டு. அதில்தான் நாம் பெரும்பாலும் தடுக்கி விழுகிறோம். சிங்களப் பிள்ளைகள் விடைபெறும்போது முழந்தாளிட்டு, பெரியவர்களின் பாதத்தை நோக்கிக் கைகூப்பி வணங்குவது அவர்களின் நல்வழக்கம். தாய்தந்தையருக்கும் ஆசிரியருக்கும் அவர்கள் அவ்வாறே செய்கின்றனர். எமது ஆசிரியர் ஒருவரின் முன் ஒரு பிள்ளை அவ்வாறு குனியும்போது, அவர் பதறிக் காலை இழுத்துக்கொண்டு பின்னே பாய்வார். சிரம் பணிதல் அல்லாஹ்வுக்கே உரியது என்பதில் எமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்தக் கணத்தில் அப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தீர்களா? நண்பர்கள் முன்னிலையில் தன் மரியாதை உதைத்துத் தள்ளப்பட்டதாக அல்லவா அது உணரும்? உடன்வரும் ஆசிரியரிடம் முதல் நாளே பணிவோடு சொல்லி வையுங்கள். அவர் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வார். அதையும் மீறி ஒரு பிள்ளை குனிய வந்தால், அது குனியுமுன்னே இரண்டடி முன்வந்து, கையை நெஞ்சில் வைத்து, “ஹொந்தட்ட இகெனகன்ன புதே”, நன்றாகப் படி மகனே, என்று சொல்லிவிடுங்கள். மகளென்றால் ‘துவே’. ஆணும் பெண்ணும் கைகுலுக்கும் சந்தர்ப்பத்திலும் நெஞ்சில் வைத்த கையும் மலர்ந்த முகமும் போதுமானவை. பின்வாங்கும் கையை விட, முன்கூட்டியே நெஞ்சுக்குச் சென்ற கை எவ்வளவோ மேலானது.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கின்றேன், அதில் எம்மவருக்கு ஆர்வம் அதிகமென்பதால். அவர்களில் பலர் மாட்டிறைச்சி உண்பதில்லை. சிலர் மரக்கறி மட்டுமே உண்பர். முதலிலேயே கேட்டறியுங்கள். சஹனில் அறுவராக வட்டமிட்டு உண்பது எமக்கு இன்பம், பழகாதவர்க்குச் சங்கடமாகலாம். தனிக் கோப்பையும் அருகில் இருக்கட்டும், பிள்ளையே தெரிவு செய்யட்டும். போதும் என்று கையால் மறைத்த கோப்பையில் மேலும் ஓர் அகப்பை போடுவதை அன்பென்று நாம் நினைக்கின்றோம். விருந்தினருக்கு அது அச்சுறுத்தலாகும். வட்டிலப்பத்துக்கு மட்டும் எந்த அறிமுகமும் தேவைப்படாது. நோன்புப் பெருநாளென்றால் முஸ்லிம் வீட்டு வட்டிலப்பத்தை எதிர்பார்த்திருக்கும் சிங்களக் குடும்பங்கள் நாடெங்கும் உள்ளன.

படமெடுப்பதிலும் அமானிதம் உண்டு. விருந்தினரின் படத்தை, அதிலும் பெண் பிள்ளைகளின் படத்தை, அனுமதியின்றி வட்ஸ்அப்பிலும் முகநூலிலும் பரப்பாதீர்கள். அந்தத் தாய் கையொப்பமிட்டது அதற்காக அல்ல.

பெற்றோர்களே, உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. பஸ் வருமுன் வீட்டில் நீங்கள் பேசுவதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். “அவர்கள் அப்படித்தான்” என்ற ஒரு சொற்றொடர் சமையலறையில் உச்சரிக்கப்பட்டால், மறுநாள் பாடசாலையில் நிகழும் வரவேற்பு அனைத்தும் வீணாகிவிடும். அயலவருக்குப் புகழ் சேர்க்கும் பொருட்டு விருந்தினரை வீட்டுக்கழைத்து வரிசையாக உறவினர்க்குக் காட்டுவதும் வேண்டாம். ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தால் ஒரு பிளேன்டீயைக் கொடுத்துவிட்டு நீங்கள் உள்ளே சென்றுவிடுங்கள். உங்கள் மகனும் அவனும் பேசட்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும்வரை பிள்ளைகள் பெரியவருக்காகவே பேசுவர்.

நாம் எப்போதும் விருந்தளிப்பவராகவே இருந்ததில்லை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். 1344இல் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து புறப்பட்டு வந்து புத்தளத்தில் கரையிறங்கியபோது, அங்கிருந்த ஆரியச் சக்கரவர்த்தி முஸ்லிமல்லர். ஆனால் அவருக்குப் பாரசீக மொழி விளங்கியது. தூர தேசங்களின் மன்னர்களைப் பற்றி அந்தப் பயணி சொல்வதை அவர் விரும்பிக் கேட்டார். வேண்டியதைத் தயங்காமல் கேள் என்றார். பாவாத மலைக்குச் செல்வதைத் தவிர வேறு விருப்பமில்லை என்று பயணி சொன்னதும், பல்லக்கொன்றையும், ஆண்டுதோறும் அங்கு செல்லும் யோகியர் நால்வரையும், பிராமணர் மூவரையும், தம் பரிவாரத்தினர் பதின்மரையும், உணவு சுமக்கப் பதினைவரையும் உடன் அனுப்பிவைத்தார். இப்னு பதூதாவே தம் பயண நூலில் இதை எழுதி வைத்திருக்கின்றார். அதற்குப் பின், போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களை 1626இல் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். எமது ஊர்கள் சிலவற்றின் வரலாறு அந்த விருந்தோம்பலோடு சேர்ந்ததே.

இனி, பதில் விஜயம். அவர்கள் வந்து சென்றால் அடுத்த தவணையில் எமது பிள்ளைகள் தெற்கே செல்ல வேண்டும். இங்கேதான் பல பெற்றோர் கைவிடுகின்றனர். விருந்தளிக்க முன்வந்தவர்கள் விருந்தினராகச் செல்லப் பிள்ளைகளை அனுப்பத் தயங்குகின்றனர். தொழுகைக்கு இடம் கிடைக்குமா, உணவு ஹலாலாக இருக்குமா, மகளுக்குப் பாதுகாப்பு உண்டா என்ற கேள்விகள் நியாயமானவை. அவற்றை ஆசிரியரிடம் நேரே கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஆசிரியைகள் உடன் செல்கின்றனரா என்று உறுதி செய்யுங்கள். அந்தத் தெற்குத் தாயும் இதே அச்சத்தோடுதான் முதலில் கையொப்பமிட்டாள்.

பிள்ளை திரும்பி வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, என்ன சாப்பிட்டாய், தொழுதாயா, யாரும் ஏதும் சொன்னார்களா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். குளித்துவிட்டு வரட்டும், தேநீர் குடிக்கட்டும். பிறகு, நீ தங்கிய வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.